திறந்த பாலத்தைக் கட்ட முடியாது

எங்கள் அமைச்சகத்தில் கத்தரிக்கோல் என் பொறுப்பு. அதோடு மூவர்ண ரிப்பன் சுருள்கள், சிவப்பு வெல்வெட் திண்டு, மழைக்கு ஒரு கறுப்புக் குடை. இருபத்திரண்டு வருடத்தில் எட்டு அமைச்சர்களுக்குக் கத்தரிக்கோல் நீட்டியிருக்கிறேன். சாலை, சுரங்கம், சாக்கடைக் குழாய், ஒருமுறை ஒரு ரவுண்டானாவின் இடது பாதி. எல்லாவற்றுக்கும் அதே கத்தரிக்கோல்தான்.

புதிதாக வரும் அமைச்சர், முன்பின் தெரியாத ஒருத்தி தன் கைக்குழந்தையைத் திணித்துவிட்டுப் போனது போலக் கத்தரிக்கோலைப் பிடிப்பார். கட்டைவிரல் தப்பான வளையத்தில் இருக்கும். ரிப்பன் அறுபடாமல் மடங்கும். நான் சிரிப்பதில்லை. மூன்றாவது நான்காவது விழாவில் கை பழகிவிடும். கை பழகியவர்கள் நிலைத்து நிற்பார்கள்.

எட்டாவதாக வந்த டாக்டர் வெலிபோர் தேஷிச் நிலைக்க மாட்டார் என்று முதல் நாளே எனக்குத் தோன்றியது. பெல்கிரேடில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். பதினொரு வருடம் வியாழக்கிழமைதோறும் அதே பழுப்பு ஸ்வெட்டரில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, அரசாங்கம் அறிவித்ததையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். கபானா மதுக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "பேராசிரியர் இன்னிக்கும் கிழிச்சுத் தொங்கவிட்டாருப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பீருக்குக் கை காட்டுவார்கள். அரசாங்கத்தில் யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. முக்கியமாக அர்செனியே குலிச்சுக்கு இல்லை.

குலிச் எங்கள் அரசுச் செயலர். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். குலிச்சும் அவர் மேசைமேல் இருக்கும் கள்ளிச்செடியும் அங்கேயே இருப்பார்கள். அவர்தான் மேலிடத்தில் தேஷிச்சின் பெயரைச் சொன்னது.

"பதினோரு வருஷமா அந்தாளு சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்ல ஸாரியா" என்றார் என் பெயர் சொல்லி. "அப்பேர்ப்பட்டவர வெளிய விட்டு வைக்கலாமா?"

தேஷிச் ஏன் சம்மதித்தார் என்பதை, பதவியேற்ற அன்று காரில் போகும்போது அவரே சொன்னார். நான் முன்னிருக்கையில் மடிமேல் கத்தரிக்கோல் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஸாரியா, நீங்க பொத்யாசென் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் ஐயா. மூணு தடவ."

"என் ஊர். அக்கா மிலுங்கா அங்கதான் இருக்கா. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. செவ்வா, வியாழன், சனி டயாலிசிஸ். அவ வீட்டுச் சன்னல்லேர்ந்து பாத்தா ஆஸ்பத்திரிக் கூரை தெரியும், ஆனா நடுவுல மொராவா ஆறு ஓடுது. ஆறு வருஷம் முன்னாடி வெள்ளத்துல பாலம் போச்சு. இப்ப ஜிவானோட ஓடத்துல கடக்குறா. ஆத்துல பனிக்கட்டி வந்தா அதுவும் கிடையாது. ஆத்துக்கு மேல தள்ளி இருக்கிற பாலத்தச் சுத்திப் போனா நல்ல நாள்லயே ரெண்டு மணி நேரம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரே ஒரு பாலம் வேணும். அதக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

மூன்று தடவை எதற்காக அங்கே போனேன் என்று அவர் கேட்கவில்லை.

அமைச்சகத்தில் முதல் நாள் என்பது கையெழுத்து நாள். மேசைமேல் கோப்புகள் மார்பளவு அடுக்கியிருக்கும். முந்தைய அமைச்சர் காலத்தில் முடிவாகி, கையெழுத்துக்கு மட்டும் காத்திருப்பவை. தேஷிச் முதல் கோப்பைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். குலிச் மெதுவாக இருமினார்.

"படிக்கிற வழக்கம் இல்லீங்க ஐயா."

"படிக்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"முந்தின அமைச்சர் பார்த்து முடிச்சது. நீங்க படிச்சா அவரச் சந்தேகப்படுறீங்கன்னு ஆயிடும். அவரு இப்போ தணிக்கைச் சபைத் தலைவர். நாளைக்கு உங்க கோப்ப அவரு படிக்க ஆரம்பிச்சுட்டார்னா?"

தேஷிச் பொருளாதார நிபுணர். இதில் ஒரு கணக்கு இருப்பது அவருக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டார். இரண்டு தடவை காபி வந்தது. மத்தியானம் வலது கையை மேசைக்கு அடியில் உதறிக்கொண்டு, "இப்போ பொத்யாசென் பாலத்துக் கோப்பக் கொண்டுவாங்க" என்றார்.

குலிச் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "பொத்யாசென் பாலமா? அது திறந்தாச்சே ஐயா."

"என்ன திறந்தாச்சு? அங்க ஒரே ஒரு தூண் நிக்குது."

"மூணு தடவை திறந்திருக்கோம்." குலிச் என் பக்கம் திரும்பினார். "ஸாரியாதான் கத்தரிக்கோல் கொடுத்தாரு."

உண்மைதான். ஐந்தாவது அமைச்சர் அடிக்கல்லைத் திறந்தார். ஆறாவது அமைச்சர் தூணைத் திறந்தார். அன்று பொரித்த ஆற்று மீன் நன்றாக இருந்தது. ஏழாவது அமைச்சர், தேர்தல் நெருங்கியதால், முழுப் பாலத்தையும் திறந்தார். தூணிலிருந்து மறுகரைவரை இருக்கும் என்று சொல்லப்பட்ட பாகத்தை ஒரு பெரிய திரைச்சீலையில் வரைந்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். காற்றில் அது கொஞ்சம் ஆடியது. கேமராக்காரர், "பாலம் ஆடுதுங்க, கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"சரி" என்றார் தேஷிச். "இனிமே நிஜமாக் கட்டுவோம்."

"எப்படிக் கட்டுறது? திறந்த பாலத்தைக் கட்ட முடியாதே ஐயா. கட்டுமானத் தலைப்புல ஒரு தினார் கேட்டாலும், முடிஞ்ச பாலத்துக்கு எதுக்குன்னு கேட்பாங்க. வரைபடத்துல பாலம் இருக்கு. போன வருஷம் ஒரு லாரி அத நம்பிப் போயி, குடமிளகாய் மூட்டையோட விளிம்புல நின்னுச்சு. ஓட்டுநருக்கு அபராதம் போட்டோம்."

"அவனுக்கு எதுக்கு அபராதம்?"

"பாலத்துல வண்டிய நிறுத்தக்கூடாது."

தேஷிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு படித்தவர்கள் செய்வதைச் செய்தார். ஒரு ஆய்வுக்குழு அமைத்தார். யாரும் போய்ப் பார்க்காததால்தான் இந்தக் குழப்பம், ஒன்பது பேர் நேரில் பார்த்துவிட்டு எழுதினால் தீர்ந்துவிடும் என்று நம்பினார். அப்படியெல்லாம் நம்பக்கூடியவர்தான் அவர்.

ஒன்பது பேரும் போனார்கள். கரையோர உணவகத்தில் மீன் சூப்பு சாப்பிட்டார்கள், சன்னல் வழியே தூணைப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. பாலம் மிக நல்ல நிலையில் உள்ளது. தேய்மானம் எங்கும் காணப்படவில்லை. விரிசல் இல்லை. கனரக வண்டிகளால் சேதம் இல்லை. நாட்டிலேயே மிகக் குறைவாகப் பழுதடைந்த பாலம் என்ற வகையில் இது மற்றப் பாலங்களுக்கு முன்மாதிரி. கைப்பிடிக் கிராதிக்கு மட்டும் ஒரு பூச்சுப் பச்சைப் பெயிண்ட் பரிந்துரைக்கப்படுகிறது.

கரையில் கிராதி இல்லை. ஆனால் பெயிண்ட் அடிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதால், ஆட்கள் போய் முதலில் இருபது மீட்டருக்குக் கிராதி நட்டு, பிறகு பெயிண்ட் அடித்தார்கள். தேஷிச் அந்தப் புகைப்படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது மீட்டர்" என்றார். "நல்ல ஆரம்பம்தான், இல்ல ஸாரியா?"

அவர் முகத்தில் நம்பிக்கையை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அக்டோபரில் ஓடக்காரன் ஜிவான் பெல்கிரேடுக்கு வந்தான். காத்திருப்பு அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய கெண்டை மீன். அறை முழுக்க ஆற்று வாடை. கடைசியில் தேஷிச்சே வெளியே வந்து அவனைக் கட்டிக்கொண்டார். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு.

"இது உனக்கு" என்று மீனை நீட்டினான் ஜிவான். "இதுவும் உனக்குத்தான்." சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். "என்னடா வெலே, என்மேல உனக்கு என்ன கோவம்? கணக்குப் பரீட்சையில காட்டலன்னா?"

காகிதம் எங்கள் அமைச்சக உத்தரவு. பாலம் இருக்கும் இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் ஓடம் இயங்கக் கூடாது. பொத்யாசென்னில் பாலம் இருப்பதால் ஓடம் நிறுத்தப்படுகிறது. ஓடத்தை இழுக்கும் இரும்பு வடத்துக்குப் பூட்டுப் போடப்படும். சாவி மாவட்ட அலுவலகத்தில் இருக்கும். கீழே நீல மையில் சாய்வான கையெழுத்து. டாக்டர் வெலிபோர் தேஷிச்.

"நான் இதப் பாக்கவே இல்ல" என்றார் தேஷிச்.

"போட்டிருக்கியே."

"போட்டேன். பாக்கல."

ஜிவான் காகிதத்தை மடித்து அவர் கையில் திணித்தான். "உங்கக்கா நேத்து காலையில அஞ்சு மணிக்கே கெளம்பிச் சுத்திப் போனா. பஸ்ஸுல வாந்தி. உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னா, நான் சொல்றேன்."

அன்று மாலைக்குள் உத்தரவை ரத்து செய்யச் சொன்னார் தேஷிச். குலிச் கை கட்டி நின்றார்.

"ரத்து பண்ணலாம் ஐயா. காரணம் எழுதணும்."

"பாலம் இல்லன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா மூணு அமைச்சர் இல்லாத பாலத்தத் திறந்தாங்கன்னு ஆகும். ஒருத்தர் தணிக்கைச் சபையில, ஒருத்தர் ரோம்ல தூதர், ஒருத்தர் இறந்துட்டார், அவர் பேர்ல தெரு இருக்கு. தெருப் பேர யாரு மாத்துறது? அப்புறம் உங்க ஆய்வுக்குழுவே பாலம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கு. நாங்க யாரும் கேட்கல. நீங்கதான் கேட்டீங்க."

தேஷிச் உட்கார்ந்தார். மேசைமேல் மீன் இன்னும் செய்தித்தாளுக்குள் இருந்தது.

"ஒரு வழி இருக்கு" என்றார் குலிச், ஒரு நண்பனைப் போல. "பராமரிப்பு முடிஞ்சு மறுபடி திறக்கிற பாலம் மறுசீரமைப்புப் பட்டியலுக்குப் போகும். அந்தத் தலைப்புல எவ்வளவு வேணா கட்டலாம். தேர்தலுக்கு முன்னாடி சனிக்கிழமை ஒரு விழா. நீங்க ரிப்பன் வெட்டுறீங்க. பாலம் உங்களுக்கு."

பதினொரு வருடம் வியாழக்கிழமைதோறும் இதைத்தானே கிழித்துக்கொண்டிருந்தார் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வியாழக்கிழமைகளில் அவர் அக்காவின் சிறுநீரகங்கள் நன்றாக இருந்தன.

சம்மதித்தார். ஒரு நிபந்தனை, பேச்சைத் தானே எழுதிக்கொள்வார். "தாராளமா" என்றார் குலிச். "பேச்சையெல்லாம் யாரும் தடுக்கிறதில்ல."

அந்தச் சனிக்கிழமை பொத்யாசென் கரையில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம். வெளியூர்களிலிருந்து நாற்பது பஸ். ஊருக்குள் வரும் ஒரே சாலையில் அவை வரிசையாக நின்றன. இறங்கியவர்களுக்கு ஆளுக்கொரு கொடி கொடுத்தார்கள். சாண்ட்விச் கொடுப்பது விழா முடிந்தபின்தான். இந்த ஒழுங்கு அனுபவத்தில் வந்தது. முன்பொரு முறை முதலிலேயே கொடுத்துவிட்டு, கொடியோடு வெறும் வயலைப் பார்த்து நின்றோம்.

அமைச்சரின் குடும்பம் முதல் வரிசையில் இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. மிலுங்கா சாம்பல் நிறக் கோட்டில், வீங்கிய கணுக்கால்களோடு, நடு நாற்காலியில் இருந்தாள். பதினொரு மணிக்கு அரசாங்கக் கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் என்று குலிச் வாக்குக் கொடுத்திருந்தார். வரவேற்பு வழக்கப்படி ரொட்டியும் உப்பும் நீட்டிய பெண்மணியிடம் மிலுங்கா, "உப்பு எனக்கு ஆகாதும்மா, தம்பிக்குக் குடு, அவனுக்குத்தான் கொஞ்சம் வேணும்" என்றாள்.

முதலில் குலிச் பேசினார்.

"சிலர் கேட்கிறார்கள், பாலம் எங்கே என்று. பாலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நாட்டில் எத்தனையோ பாலங்கள் இருக்கின்றன. போய்ப் பார்க்கட்டும். இந்த அரசு பார்ப்பதற்காக எதையும் கட்டுவதில்லை. ஆறு வருடம் முன்பு இங்கே கல்லாலும் இரும்பாலும் ஒரு பாலம் இருந்தது. வெள்ளம் கொண்டுபோனது. நாங்கள் நடத்திய மூன்று திறப்பு விழாக்களில் ஒன்றையாவது எந்த வெள்ளமாவது கொண்டுபோயிருக்கிறதா?"

மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். கூட்டம் கைதட்டியது.

பிறகு தேஷிச். தன் காகிதத்தை விரித்தார்.

"இங்கே பாலம் இல்லை. திரும்பிப் பாருங்கள். ஒரு தூண் இருக்கிறது. பச்சைக் கிராதி இருக்கிறது. பாலம் இல்லை. நான் பொய்யான காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதனால் இந்த ஊர் ஓடத்தையும் இழந்தது."

மஞ்சள் தொப்பிக்காரர் கையைத் தூக்கினார். கூட்டம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாண்ட்விச் மேசை மேடைக்கு இந்தப் பக்கம் இருந்தது.

"பிரமாதம்" என்று குலிச் அவர் காதருகில் சொன்னார். "இந்தப் பணிவு நம்மகிட்ட இத்தனை நாள் இல்லாமப் போச்சு. வெட்டுங்க ஐயா. வெட்டினாத்தான் பட்டியல்."

நான் திண்டை நீட்டினேன். தேஷிச் என்னைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார். கட்டைவிரலைத் தப்பான வளையத்தில் விட்டார். முதல் வெட்டில் ரிப்பன் மடங்கியது. இரண்டாவதிலும்.

"சட்டுபுட்டுனு வெட்டுடா வெலே" என்றாள் முதல் வரிசையிலிருந்து மிலுங்கா. "எனக்கு மணியாகுது."

மூன்றாவது வெட்டில் அறுந்தது.

பதினொரு மணிக்குக் கார் கிளம்பியது. நூறு மீட்டர் போய் பஸ்களுக்குப் பின்னால் நின்றது. சாண்ட்விச் வினியோகம் முடியாமல் பஸ்கள் நகராது. பன்னிரண்டு மணிக்கு மிலுங்கா காரிலிருந்து இறங்கி, தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு, கரைக்கே திரும்பி நடந்து வந்தாள். ஓடம் அங்கே இருந்தது. விழாவுக்காக அதன்மேலும் கொடி கட்டியிருந்தார்கள்.

"மூணு நிமிஷம்" என்றான் ஜிவான். "ஏறுங்கக்கா."

வடத்தின் பூட்டருகே ஒரு போலீஸ்காரர் நின்றார். இளைஞர், மரியாதையானவர். "ஓடம் ஓடக் கூடாதுங்க."

"நான் அமைச்சர்" என்றார் தேஷிச். "நான் சொல்றேன், விடுங்க."

"தெரியுங்க ஐயா. ஆனா நீங்க வாயால சொல்றீங்க." போலீஸ்காரர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். "இது எழுத்துல இருக்கு. உங்க கையெழுத்துதான்."

"அத எழுதினவன் நான்தான். மாத்திச் சொல்றவனும் நான்தான்."

"அப்போ எழுத்துலயே குடுத்துடுங்க ஐயா. முத்திரையோட."

முத்திரை பெல்கிரேடில் இருந்தது. பூட்டின் சாவி மாவட்ட அலுவலகத்தில் இருந்தது. சனிக்கிழமை மாவட்ட அலுவலகம் கிடையாது. ஜிவான் ஒரு கல்லை எடுத்தான். போலீஸ்காரர், "அண்ணே, வேணாம்ணே, என் வேலை போயிடும்" என்றார். ஜிவான் கல்லைக் கீழே போட்டான். மிலுங்கா ஓடத்தின் விளிம்பில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்தாள்.

"இதோ இருக்கு" என்றாள். "எட்டித் தொட்டுடலாம் போல இருக்கு."

மூன்றரை மணிக்குச் சாலை திறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது மிஷினில் வேறொருவர் இருந்தார். அவளுக்கான நேரம் முடிந்திருந்தது. திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை விடியும் முன் மிலுங்கா இறந்துபோனாள்.

குடும்பக் கல்லறை மறுகரையில் இருந்தது. ஜிவான் அதே கல்லால் பூட்டை உடைத்து, சவப்பெட்டியை ஓடத்தில் ஏற்றினான். அதே போலீஸ்காரர் கரையில் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஆற்றைக் கடக்க மூன்று நிமிடம்தான் ஆனது.

"அன்னிக்கே ஒடச்சிருக்கணும்" என்றான் ஜிவான், வடத்தை இழுத்தபடி. "சட்டத்துக்கு மரியாதை குடுத்துத் தொலச்சேன்."

எங்கள் வழக்கப்படி மரண அறிவிப்பை மரங்களிலும் வாசற்கதவுகளிலும் ஒட்டினார்கள். ஒன்றைப் பாலத்தின் தூணிலும் ஒட்டினார்கள். கறுப்புக் கரை, அவள் படம், அதன் கீழே துயருறும் தம்பி வெலிபோர். அந்தத் தூணில் அதுவரை எழுதப்பட்டவற்றில் உண்மையானது அது ஒன்றுதான்.

மறுநாள் தேஷிச் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். குலிச் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் பாலம் இல்லை என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு காரணத்தை ஏற்க அமைச்சகத்துக்கு அதிகாரம் இல்லை. வேறு காரணம் எழுதச் சொன்னார்கள். தேஷிச் ஒரு வாரம் யோசித்தார். வேறு காரணம் அவரிடம் இல்லை.

அரசாங்கம் தேர்தலில் ஜெயித்தது. அவரது துயரத்தில் பங்கெடுத்தது. பாலத்துக்கு மிலுங்கா தேஷிச் பாலம் என்று பெயர் வைக்கத் தீர்மானித்தது. பெயர் மாறினால் அது புதுப் பாலம். புதுப் பாலத்தை முறைப்படி திறந்தாக வேண்டும்.

"இந்தத் தடவை பட்டியல்ல நிச்சயம் ஐயா" என்றார் குலிச்.

"சரி" என்றார் தேஷிச்.

வசந்தத்தில் ஐந்தாவது திறப்பு விழா. பெயர்ப்பலகையைத் தூணில் பதிக்க இடம் வேண்டியிருந்ததால், மரண அறிவிப்பை நான்தான் சுரண்டி எடுத்தேன். மழையில் நன்றாக ஒட்டிப்போயிருந்தது. படம் மட்டும் முழுதாக வந்தது. அதைக் கத்தரிக்கோல் பெட்டிக்குள் வைத்தேன்.

பஸ்கள் வந்தன. மஞ்சள் தொப்பி வந்தது. ஓடம் இருந்த இடத்தில் வடத்தின் ஒரு முனை தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டை உடைத்ததற்கு ஜிவானுக்கு நான்கு மாதம் போட்டிருந்தார்கள். அமைச்சகத்துக்கு வந்த அவன் மேல்முறையீட்டை அமைச்சர் படித்துப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

நான் திண்டை நீட்டினேன். தேஷிச் என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் தானாகச் சரியான வளையத்துக்குள் போனது. ஒரே வெட்டு. சத்தமே இல்லை. என் இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக யாரும் வெட்டியதில்லை.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, கத்தரிக்கோலைத் திண்டில் வைத்தார். முனையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"ஸாரியா" என்றார் தாழ்ந்த குரலில், கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடியே. "கொஞ்சம் மழுங்கியிருக்கு. அடுத்ததுக்குள்ள சாணை பிடிச்சு வை."